சொல் விளக்கம்: ரைஃபிள் – சுரிகுழல் துப்பாக்கி

ரைஃபிள்: குழலின் உட்சுவரில் சுருளாகக் காடி (நீண்ட பள்ளக்கோடு) வெட்டிய நீண்ட துப்பாக்கி. தமிழில் சுரிகுழல் துப்பாக்கி.

இந்த வரையறையில் வயதுக்கோ, வெளித்தோற்றத்துக்கோ, வெடிமருந்தைக் குழலின் வாய்வழியாக முன்னால் இடுகிறோமா பின்னால் இடுகிறோமா என்பதற்கோ இடமில்லை. உள்ளே காடி இருந்தால் ரைஃபிள். வழவழப்பாக இருந்தால் அது மஸ்கெட், அல்லது ரவை (சிறு ஈயக் குண்டுகள்) போட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கி. பரம்பரையாக வந்த வாய்வழி மருந்திடும் துப்பாக்கி எதுவானாலும் வீட்டில் அதை ‘தாத்தாவோட ரைஃபிள்’ என்றே சொல்கிறார்கள். அந்தத் துப்பாக்கியின் காலத்தைக் கணிக்க உட்காரும்போது முதல் தவறு இந்தப் பெயரிலேயே நேர்கிறது.

பிரெஞ்சில் ‘ரிஃப்ளே’ என்றால் கீறு, சுரண்டு. அந்த வினை ஆங்கிலத்துக்குப் போய், குழலுக்குள் கீறிய காடியின் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் காடியுள்ள துப்பாக்கிக்கே பெயராகிவிட்டது. நம் ‘துப்பாக்கி’ துருக்கிய ‘துஃபெக்’ வழியில் வந்தது. இலங்கைத் தமிழரின் ‘துவக்கு’ம் அதே குடும்பம்தான்.

தமிழில் மரைகுழல், புரிகுழல், சுரிகுழல் என்று மூன்று ஆக்கங்கள் புழங்குகின்றன. ‘மரை’ எனக்கு உடன்பாடில்லை. திருகாணியின் மரை ஓர் அங்குலத்துக்குள் பல சுற்றுச் சுற்றும். துப்பாக்கிக் காடியோ மிக மெல்லத் திரும்பும். பிரிட்டிஷ் படையின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் 78 அங்குலத்துக்கு ஒரே சுற்று. அதன் குழல் 39 அங்குலம். ஆக, தொடக்கம் முதல் வாய் வரை அரைச்சுற்றுதான். மரையை மனதில் வைத்துக்கொண்டு குழலுக்குள் பார்ப்பவர், ‘நேர்கோடாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாந்துபோவார். ‘சுரிதல்’ என்றால் சுருளுதல். சங்குக்குச் சுரிமுகம் என்ற பெயர் உண்டு. இறுக்கத்தைச் சொல்லாமல் சுருளை மட்டும் சொல்வதால் சுரிகுழலே பொருத்தம். (‘சுரிகுழல்’ பழைய பாட்டில் சுருண்ட கூந்தல். கூடவே ‘துப்பாக்கி’ வந்தால் குழப்பமில்லை.)

உள்ளே பார்க்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். வாய்வழித் துப்பாக்கிகள் மருந்து கெட்டித்தபடியே பல தலைமுறை கிடந்திருக்கும். ஈரம் படாத கரிமருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். குழல்வாய் யாரையும் நோக்காமல் துப்பாக்கியைக் கிடத்துங்கள். கெட்டிக்கும் கம்பியை முட்டும் வரை மெதுவாக உள்ளே விட்டு, வாயின் மட்டத்தில் அதில் ஒரு குறி போடுங்கள். கம்பியை வெளியே எடுத்து அதே அளவைக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பி நுனி, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) மாட்டும் நிப்பிள் என்ற முளைக்கோ நெருப்புத் துளைக்கோ நேராக வர வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ முன்னால் நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே கொள்ளுங்கள். நீங்களே தோண்டி எடுக்க முயலக் கூடாது, சூடு காட்டக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநரிடம் விடுங்கள்.

காலி என்று உறுதியானதும் சிறு விளக்கை உள்ளே இறக்கிக் காடிகளை எண்ணுங்கள். வாயோரத்தில் தெரியவில்லை என்பதால் ‘காடி இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். என்ஃபீல்டில் காடியின் ஆழம் அடியில் .013 அங்குலம், வாயில் .005தான், கம்பி உரசி உரசி அந்த இடமே முதலில் தேயும். காடியின் எண்ணிக்கையும் குழலின் உள்விட்டமும் சேர்ந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 7 காடி, .625 அங்குலம் (சுமார் 15.9 மி.மீ.) என்றால் 1800இல் வந்த பேக்கர் ரைஃபிள். எதிரெதிரே 2 ஆழமான காடி, .704 (17.9 மி.மீ.) என்றால் 1830களின் பிரன்ஸ்விக் ரைஃபிள். 3 காடி, .577 (14.7 மி.மீ.), குழலைக் கட்டையோடு பிணைக்கும் 3 பட்டை என்றால் 1853 மாதிரி என்ஃபீல்டு. இரண்டே பட்டையும் 33 அங்குலக் குழலும் இருந்தால் அதன் குட்டை வகை.

இந்தியாவில் கிடைப்பவற்றில் ஒரு வகை அடிக்கடி ஏமாற்றும். 1857 எழுச்சிக்குக் கொழுப்புத் தடவிய தோட்டாத் தாள் உடனடிக் காரணமாயிற்று. அந்தத் தோட்டா இந்த என்ஃபீல்டுக்கானது. அதன்பின் இந்தியச் சிப்பாய்களுக்கு என்ஃபீல்டின் அதே உருவத்தில், உள்ளே காடி இல்லாத 1858 மாதிரியைக் கொடுத்தார்கள். உள்விட்டம் .656 அங்குலம் (16.7 மி.மீ.). தூரத்துக்கேற்ப உயர்த்தும் ஏணிக்குறி இராது. அசையாத எளிய பின்குறிதான் இருக்கும். வெளியே என்ஃபீல்டாகத் தெரியும் இது ரைஃபிள் அல்ல. சிப்பாயின் கையில் நெடுந்தூரம் குறிதவறாமல் சுடும் ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஆட்சி எடுத்த முடிவு, அந்த வழவழப்பான குழலில் பதிந்திருக்கிறது.

அடுத்து முத்திரைகள். குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தி) பொருத்தியிருக்கும் பக்கத் தகட்டில் கிரீடமும் அதன்கீழ் வி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ‘டவர்’ (லண்டன் கோபுரப் படைக்கலச் சாலை) என்ற சொல்லோடு ஓர் ஆண்டு இருக்கும். அது தகடு செய்த ஆண்டு. குழல் வேறு ஆண்டினதாக இருக்கலாம். முன்கால் தூக்கி, கிரீடம் ஏந்திய சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடையாளம். அதற்கு முன், 1808 வரை, பகுதிகளாகப் பிரித்த இதய வடிவம். அம்புக்குறியோடு பி, ஓ என்ற எழுத்துகள் இருந்தால் அது பிரிட்டிஷ் படைக்கல வாரியத்தினுடையது. அந்த வாரியம் 1855இல் கலைக்கப்பட்டது, பிறகு போர்த் துறையைக் குறிக்கும் டபிள்யூ, டி என்ற எழுத்துகள். குழலின் அடியில் ‘25’ என்று தனியாக இருந்தால் அதை ஆண்டாகவோ வரிசை எண்ணாகவோ படிக்காதீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்கு ஏற்ற குண்டு எத்தனை வார்க்கலாம் என்ற கணக்கு அது; .577 குழல்களில் இந்த எண் வரும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை இருந்தால் குழல் 1813க்கு முந்தையதாக இருக்காது.

கேப் வைத்துச் சுடும் அமைப்பு இருந்தாலே 1840க்குப் பிந்தையது என்று சொல்லிவிட முடியாது. சக்கிமுக்கிக் கல் பொருத்திய பழைய துப்பாக்கிகளைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றினார்கள். பக்கத் தகட்டில் அடைத்த திருகாணித் துளைகள் தெரிந்தால் துப்பாக்கி மூத்தது, மாற்றம் இளையது. போலிகளும் நிறைய உண்டு. தலைகீழாக வெட்டிய எழுத்து, எழுத்துப் பிழையுள்ள ‘டவர்’, 1901க்குப் பிந்தைய ஆண்டோடு விக்டோரியாவின் எழுத்துகள் ஆகியவை கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளின் நகல்களில் காணப்படும். ‘கரிமருந்து மட்டும்’ என்று ஆங்கிலத்தில் குழலில் பொறித்திருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் மறு உருவாக்கம்.

இவற்றைத் தேடும் ஆசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஆழமில்லாத முத்திரை ஒரே தேய்ப்பில் போய்விடும், பழுப்பேறிய மேல்படலமும் போய்விடும். எண்ணெய் தோய்த்த துணியும், பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கும் விளக்கும் போதும்.

சட்டத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். பழையது என்பதாலேயே 1959 ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைக்காது. பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்கே விலக்கு. மற்றவற்றுக்கு வாரிசு பெயரில் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தில் வெறுமனே ‘பழைய ரைஃபிள்’ என்று எழுதாமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்: ‘ஒற்றைக்குழல், வாய்வழி மருந்திடுவது, கேப் வகை, சுரிகுழல், 3 காடி, .577 அங்குலம், பக்கத் தகட்டில் டவர் 1857’. காடி இல்லையென்றால் ‘சுரிகுழல்’ இருக்கும் இடத்தில் ‘வழவழப்பான குழல்’ என்று எழுதுங்கள்.