அப்பா ஏன் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறார்?

சில வருடங்களுக்கு முன்பு பிளஸ் ஒன் தாவரவியல் தேர்வில் விறைப்பழுத்தம், அதாவது செல்லில் நிரம்பிய தண்ணீர் செல்சுவரைத் தள்ளும் அழுத்தம், பற்றிக் கேட்டிருந்தேன். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி ஐந்து வரி எழுதியிருந்தாள். புத்தகத்தில் உள்ள அதே ஐந்து வரி, காற்புள்ளி கூட மாறவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். தாளைக் கொடுக்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"அப்பா என்ன மக்ளே செய்யுறாங்க?"

"பால் வெட்டு, டீச்சர்."

"எத்தனை மணிக்குப் போவாங்க?"

"விடியதுக்கு முன்னாடியே போயிருவாங்க. அப்பதான் பால் நல்லா வரும்."

"ஏன் அப்ப நல்லா வரும்?"

முழித்தாள். கையில் இருந்த தாளிலேயே பதில் இருந்தது.

இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடப்பதால் நீராவிப்போக்கு குறைவு. மரத்தின் செல்களில் தண்ணீர் நிரம்பி விம்மி நிற்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களிலும் அழுத்தம் அந்நேரம்தான் உச்சம். கத்தி பட்டவுடன் பால் ஓடிவந்து சிரட்டையில் விழுகிறது. வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை இழுக்க, அழுத்தம் இறங்கிப் பாலும் குறைகிறது. வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சற்று வலப்பக்கம் சாய்ந்தபடி மேலேறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி புதுச் செல்களை உருவாக்கும் கேம்பியம் என்ற அடுக்கைத் தொட்டுவிட்டால் புதுப் பட்டை சரியாக வளராது. நல்ல வெட்டுக்காரருக்கு இது கைப்பழக்கம். அவர் மகளுக்கு இது தண்டு பருப்பதைச் சொல்லும் இரண்டாம்நிலை வளர்ச்சி என்ற பாடம். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அதுவரை சொல்லியிருக்கவில்லை, அது என் தப்பு.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் அடிக்கடி சொல்வது இது: "டீச்சர், பிள்ளைக்கு பயாலஜி தலையில கேற மாட்டேங்குது. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிக்கான்." என் அனுபவத்தில் கேறாதது பயாலஜி அல்ல, சொற்கள். பார்த்த பொருள் எதனோடும் ஒட்டாத சொல் மண்டையில் எத்தனை நாள் நிற்கும்?

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது நடப்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிளஸ் டூவில் கருவூண் திசு, அதாவது விதைக்குள் முளைக்கு உணவாகும் திசு, என்று ஒரு பகுதி வரும். முதலில் உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே போகும், செல்சுவர் பிறகுதான் உருவாகும் என்று எழுத வேண்டும். கருக்கு (இளநீர்) வெட்டிக் குடித்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? அந்தத் தண்ணீர்தான் சுவர் இல்லாத கருவூண். ஓரத்தில் வழுக்கையாகப் படிவது சுவர் எழும்பிய கருவூண். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் பஞ்சுபோல ஒரு பூ இருக்குமே, சண்டை போட்டுத் தின்போமே, அது வித்திலை பெருத்து வளர்ந்தது. உள்ளே இருக்கும் உணவை உறிஞ்சி முளைக்கு அனுப்பும் உறுப்பு.

மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேன்பெட்டி புதிதல்ல. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது, அதற்கு 16 குரோமோசோம், ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32. ஆகவே ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, ஆனால் தாத்தா உண்டு. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் தேன் எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளே சிலர் நம்புவதில்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் மாதங்களில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் தேன் கசியும். பெட்டித் தேனீ அதைத்தான் எடுக்கிறது.

மணக்குடிக் காயலில் அலையாத்தி மரத்தில் தொங்கியபடியே விதை முளைப்பதையும், செவ்வாழையிலும் ஏத்தன் (நேந்திரன்) வாழையிலும் ஏன் விதை இல்லை என்பதையும் விரிக்க இங்கே இடமில்லை. வாழைக்குச் சுருக்கமான விடை மும்மடியம், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் இருப்பது.

சரி, மார்க் விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் பெற்றோர் இதற்குமேல் படிக்கமாட்டார்கள். பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வு 70, அதில் தாவரவியல் 35, விலங்கியல் 35. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. நீட்டில் மொத்தம் 720, அதில் பாதி, அதாவது 360, உயிரியல். 90 கேள்வி, தவறாக எழுதினால் ஒன்று கழியும். மனப்பாடக்காரர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போதும், கை நடுங்கும். இன்னொன்று, நீட்டுக்கு பிளஸ் ஒன் பாடமும் உண்டு. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த வருடத்தை லேசாக விட்டுவிட்டு, நேரே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுகிறவர்களைப் பார்க்கிறேன். செல், திசு, ஒளிச்சேர்க்கை, மனித உடலின் பெரும்பகுதி எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. கோச்சிங் சேர்க்கும் முன் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக முடித்தானா என்று கேளுங்கள்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒடுக்கற்பிரிவு என்று படிக்கும்போதே பக்கத்தில் மியாசிஸ் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் புரிந்துகொள்வதே நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரியில் முதல் மாதம், தெரிந்த விஷயத்தையே தெரியாததுபோல் விழித்து, அழுதுகொண்டு போன் செய்த பிள்ளைகள் எனக்கு உண்டு.

அப்புறம், பயோ குரூப் என்றால் டாக்டர், இல்லாவிட்டால் வீண் என்ற எண்ணம். சித்த மருத்துவத்துக்கும் நீட் வேண்டும் என்பது தெரியாமல் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவம், வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம் ஆகியவற்றில் தமிழக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பதும் தெரிவதில்லை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நடக்கும் வேளாண் நிலையமும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களும் பயோ குரூப் படித்துப் போனவர்கள்தானே. ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

படம் வரைவதைப் பற்றி மட்டும் நான் பிடிவாதக்காரி. அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்த படம் எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அக்கா செய்த தப்பும் சேர்ந்தே வந்திருக்கும். அதனால் ஜூன் மாதம் முதல் வீட்டுப்பாடம் தேங்காய். நார் உரித்து, கண் இருக்கும் பக்கத்தைப் பார்த்து வரைந்து வரவேண்டும். போன தடவை ஒரு பையன் மூன்று கண்ணையும் ஒரே மாதிரி வரைந்து வந்தான். "போய் ஈர்க்குச்சியால குத்திப் பாருல" என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்தான். "ஒண்ணுதான் டீச்சர் குத்துனா இறங்குது. மத்த ரெண்டும் ஏன் கட்டியா இருக்கு?"

பூவின் சூலகத்தில் உள்ள மூன்று சூலிலைகளில் ஒன்றில்தான் விதை உருவாகிறது, முளை அதன் கண்ணுக்கு அடியில் இருக்கிறது என்று அன்று சூலகப் பாடத்தையே தொடங்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது ஆகஸ்டில் நடத்த வேண்டியது.