கிருமி அன்று, நுண்ணுயிர்

பயிருக்கு உதவ வயலில் இடும் நுண்ணுயிர்களை "நன்மை செய்யும் கிருமிகள்" என்று சொல்லும் வழக்கு இப்போது எங்கும் பரவிவிட்டது. மதுரைப் பக்கத்து மேலூர், வாடிப்பட்டி வட்டார உரக்கடைகளில் விற்கும் சில பொட்டலங்களிலும், உழவர்களுக்கு வழங்கப்படும் துண்டறிக்கைகளிலும், கைப்பேசிக்கு வந்து சேரும் வேளாண் காணொளிகளிலும் அதைக் காணலாம். சென்ற பருவத்தில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பயிற்சியில், பேச வந்தவர் மூச்சுக்கு மூச்சு "கிருமி" என்று சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கிருமியக் கொல்லணும்னுதான இத்தன வருசமா மருந்து அடிக்கச் சொன்னீக? இப்ப அதையே காசு குடுத்து வாங்கி வயல்ல போடச் சொல்றீகளே?" என்று கேட்டார். பேச்சாளர் சிரித்து மழுப்பினார். அந்தக் கேள்விக்கு நேரான விடை ஒன்றுதான் உண்டு: இந்தப் பொருளுக்கு அந்தச் சொல்லை எடுத்திருக்கவே கூடாது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுண்ணுயிரைக் குறிக்கும் 'மைக்ரோப்' என்ற சொல்லை 1878-ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த அறுவை மருத்துவர் செடியோ உருவாக்கினார். 'சிறிய', 'வாழ்வு' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. நோய், தீமை என்ற குறிப்பு அதன் எந்தப் பகுதியிலும் இல்லை. தமிழில் நுண்மை என்னும் பண்புப்பெயரோடு உயிர் சேர்ந்து நுண்ணுயிர் ஆகிறது. மூலத்தின் பொருள் கூடாமலும் குறையாமலும் அதில் இருக்கிறது. கிருமியோ வடமொழியிலிருந்து வந்தது. புழு என்பதே அதன் முதற்பொருள். இராமானுசருக்கு இடர் செய்தவனாகச் சொல்லப்படும் சோழனை வைணவக் குருபரம்பரை நூல்கள் 'கிருமிகண்ட சோழன்' என்று குறிப்பது, கழுத்தில் புழு வைத்தவன் என்ற பொருளில்தான். நோயை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியா உயிர்களை மருத்துவம் கண்டறிந்த பிறகு, புழுவுக்கு உரிய அந்தச் சொல்லை அவற்றின்மீது ஏற்றினோம். கிருமிநாசினி, கிருமித்தொற்று, நோய்க்கிருமி என்று அது வேர்விட்டு நிற்கிறது. அந்த இடத்தில் அது பொருத்தமான சொல்லே; வடசொல் என்பதற்காக அதை அங்கிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

என் மறுப்பு, அந்தச் சொல்லைப் பயிருக்குத் துணைசெய்யும் உயிர்களுக்கும் சூட்டுவதைப் பற்றியது. இதற்கு ஆதரவாக மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் முதல் காரணம், நுண்ணுயிர் ஏட்டுச்சொல், கிருமிதான் மக்களுக்குப் புரியும் என்பது. திருமங்கலம் கரிசலில் பருத்தி போடுபவரும் வாடிப்பட்டியில் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடுபவரும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி என்று நுண்ணுயிர்ப் பெயர்களை நாக்குப் பிறழாமல் சொல்லிக் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் அறிவியல் பாடநூலில் நுண்ணுயிரி என்ற சொல் இருக்கிறது. இத்தனையையும் புரிந்துகொண்டவருக்கு நுண், உயிர் ஆகிய இரண்டு எளிய தமிழ்ச் சொற்கள் சேர்ந்தால் புரியாது என்பது, உழவரைக் குறைவாக மதிப்பதன்றி வேறில்லை.

இரண்டாவது காரணம், 'நன்மை செய்யும்' என்ற அடைமொழி கிருமியின் தீய பொருளை நீக்கிவிடும் என்பது. தமிழில் அடைமொழி அப்படி எப்போதும் வேலை செய்வதில்லை. நல்ல பாம்பு என்கிறோமே என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. அந்தப் பாம்பு நல்லது செய்வதால் அப்பெயர் பெறவில்லை. அச்சத்தால் மங்கலமாகச் சொன்னோம். சுடுகாட்டை நன்காடு என்பதும் அந்த மரபே. அஞ்ச வேண்டிய ஒன்றுக்கு முன்னால் 'நல்ல' என்று சேர்ப்பது நம் வழக்கு என்பதால், 'நன்மை செய்யும் கிருமி' என்பதைக் கேட்கும் தமிழ்க் காது நன்மையைவிடக் கிருமியையே பற்றிக்கொள்கிறது.

இது வெறும் சொல்லாய்வுச் சண்டை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். வயலில் இதற்கு விலை உண்டு. நம் பக்கத்தில் பயிருக்கு அடிக்கும் எல்லாமே 'மருந்து'. கிருமி என்ற சொல் மருந்து என்ற சொல்லின் பக்கத்தில்தான் மனத்தில் உட்கார்கிறது. ஆகவே நுண்ணுயிர்கள் அடங்கிய உயிர் உரப் பொட்டலமும் மருந்து வரிசையில் சேர்ந்து, பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே வாளியில் கலக்கப்படுகிறது. பொட்டலத்தில் இருப்பவை உயிருள்ளவை. வெயிலில் வைத்தால் சாகும், பூஞ்சாணக்கொல்லியோடு கலந்தால் சாகும், ரசாயன உரத்தோடு கலந்தாலும் சாகும். விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்தே உயிர் உர நேர்த்தி செய்ய வேண்டும் என்றும், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு கலந்து நிழலில் உலர்த்த வேண்டும் என்றும் பரிந்துரை சொல்வது இதனால்தான். 'உயிர்' என்ற சொல் பெயரிலேயே இருந்தால் இந்த எச்சரிக்கையின் பாதியைப் பெயரே சொல்லிவிடும். 'கிருமி' என்று எழுதினால் அந்த எச்சரிக்கைக்கு நேர்மாறான எண்ணத்தை அது விதைக்கிறது.

இதைவிட மோசமான குழப்பம் வேரில் நேர்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கடலைச் செடியை ஈரமண்ணோடு பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பக்க வேர்கள் கிளைக்கும் இடங்களில் கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள் ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளினால் வேர் சேதப்படாமல் உதிரும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் சிவப்பை ஒத்த ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி வைக்க, உள்ளிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம் அடையாளம். அடுத்து, வாடி நிற்கும் கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கினால், அதன் வேரிலும் முடிச்சுகள் இருக்கக்கூடும். அவை உதிராது, ஏனெனில் அங்கே வேரே வீங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. துயரம் என்னவென்றால், முன்னதை 'வேர்முடிச்சு பாக்டீரியா' என்றும் பின்னதை 'வேர்முடிச்சு நூற்புழு' என்றும் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். போதாததற்கு, புழுவைக் குறிக்கப் பிறந்த கிருமி என்ற சொல்லை எடுத்து, 'வேர்முடிச்சில் வாழும் கிருமி' என்று ஒரு துண்டறிக்கை எழுதுகிறது. படிப்பவர் எதை நினைப்பார்? கடலையின் நல்ல உருண்டைகளைக் கண்டு புழுத் தாக்குதல் என அஞ்சிக் குருணை மருந்து போடச் சொல்லியா அறிக்கை அச்சிடுகிறோம்? முடிச்சு என்ற சொல்லைப் பயறு வகைகளின் வேருக்கு விட்டுவிட்டு, நூற்புழு உண்டாக்குவதை வேர்வீக்கம் என்று எழுதுவதே தெளிவு.

நுண்ணுயிரா, நுண்ணுயிரியா என்று கேட்பவர்களும் உண்டு. உயிர் என்பது உயிருள்ள பொருளையே குறித்து வருவது நம் பழைய வழக்கு. "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்ற குறளில் பல்லுயிர் அப்படித்தான் நிற்கிறது. ஆகவே இகர ஈறு கட்டாயமில்லை. பாடநூல் நுண்ணுயிரி என்றால் அதுவும் பிழையன்று. பேச்சில் நுண்ணுயிர் எளிது. நான் அதையே எழுதுகிறேன். 'நுண்கிருமி' என்பது மட்டும் ஒப்பத்தக்கதன்று. நல்ல அடைமொழியைத் தவறான சொல்லில் ஒட்டவைத்த கலவை அது.

உயிர் உரம் என்ற பெயரையும் சிலர் குறைசொல்கிறார்கள். இவை தாமே உரமாவதில்லை, காற்றிலும் மண்ணிலும் இருப்பதைப் பயிருக்கு எட்டவைக்கின்றன என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆயினும் உரம் என்ற சொல்லுக்கு எருவுக்கு முந்திய பொருள் வலிமை. "உரமொருவற்கு உள்ள வெறுக்கை" என்று வள்ளுவர் ஊக்கத்தைச் சொன்னார். பயிரை வறட்சியிலும் நோயிலும் நிமிர்ந்து நிற்கவைப்பதற்கு உரம் என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. தொழுஉரத்தை உயிர் உரம் என்று சொல்வதைத்தான் நிறுத்த வேண்டும், அது எரு.

வறட்சி என்றதும் இன்னொரு மொழிபெயர்ப்பு நினைவுக்கு வந்து உறுத்துகிறது. பயிர் 'அழுத்தத்தைத் தாங்கும்' என்று எழுதுகிறார்கள். ஒரு காணொளியில் 'மன அழுத்தம்' என்றே வந்தது. 'ஸ்ட்ரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை அப்படியே எடுத்து வைத்ததன் விளைவு இது. ஆனி, ஆடிக் காற்றில் நிற்கும் பயிரைப் பார்த்து எந்த உழவரும் அழுத்தம் என்று சொல்லமாட்டார், வாட்டம் என்பார். வாட்டம் தாங்கும் பயிர் என்றால் குழந்தைக்கும் விளங்கும். பயிர் வாட்டத்தைத் தாங்க நுண்ணுயிர் துணைசெய்யும் விதத்தையும் இதே எளிமையில் சொல்ல முடியும். தண்ணீர் குறையும்போது செடி எத்திலீன் என்ற வாயுவை மிகுதியாகச் சுரக்கிறது. அது கூடினால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். வேரைச் சுற்றி வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த எத்திலீன் உருவாவதற்கு முந்திய பொருளையே சிதைத்துத் தம் உணவாக்கிக்கொள்வதால், வேர் தொடர்ந்து இறங்குகிறது. வேரோடு கூடி வாழும் பூஞ்சாணம், அதாவது நம் கடைகளில் 'வேம்' என்று விற்பது, தன் மெல்லிய இழைகளை வேர் எட்டாத மண்துளைகளுக்குள் செலுத்தி மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரையும் கொண்டுவருகிறது. இந்த வேலையைச் செய்யும் உயிரைக் கிருமி என்று அழைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

தனி இனங்களின் பெயர்களைத் தமிழாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். அசோஸ்பைரில்லம் அப்படியே இருக்கட்டும். அது உலகெங்கும் ஒரே பெயர், கடையில் கேட்க உதவும் பெயர். பாக்டீரியாவும் இருக்கட்டும், ஏனெனில் நுண்ணுயிர் என்பதில் பூஞ்சாணமும் பாசியும் அடங்கும், பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். பொதுப்பெயர்தான் தமிழில் திருத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் புரிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பயன் கருதிச் சொல்ல விரும்பினால், வழித்துணை என்பதுபோலப் பயிர்த்துணை நுண்ணுயிர் என்று சொல்லிப் பார்க்கலாம். பொட்டலம் அச்சிடுபவர்களுக்கு இவ்வளவு போதும்: "அசோஸ்பைரில்லம் உயிர் உரம். உயிருள்ள, பயிருக்கு நன்மை தரும் நுண்ணுயிர்கள் கொண்டது. பூஞ்சாணக்கொல்லியோடும் ரசாயன உரத்தோடும் கலக்கக் கூடாது. நிழலில் வைக்கவும். காலாவதி நாளுக்கு முன் பயன்படுத்தவும்." இந்த வரிகள் பொட்டலத்தின் முன்பக்கத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்தில் வர வேண்டும்; இப்போது பல பொட்டலங்களில் அவை பின்பக்கத்தின் அடியில், மடிப்புக்குள் போய்விடுகின்றன.