ஆஃபரில் வந்த ஆர்பிஜி கேமை வாங்கலாமா? முதலில் சிஸ்டத்தைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கோடை விற்பனையோ டிசம்பர் விற்பனையோ தொடங்கிவிட்டால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து குவியும். கோவையில் கம்ப்யூட்டர் அசெம்பிள், லேப்டாப் சர்வீஸ்தான் என் தொழில். ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி நீண்ட கதையில் விளையாடும் கேம்களைப் பற்றி, சிஸ்டம் வாங்கிப்போன பையன்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, சைபர்பங்க் அறுபது பர்சன்ட் ஆஃபர்ல கிடக்குது. போட்டுரலாமா?"

நான் விலையைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. "தம்பி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் ஒரு போட்டோ, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பக்கம் ஒரு போட்டோ அனுப்பு. சி டிரைவில் எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்" என்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

சைபர்பங்க் 2077-ஐயே எடுத்துக்கொள்ளலாம். இந்திய ஸ்டீமில் முழு விலை 2,999 ரூபாய். 60 சதவீதம் கழித்தால் 1,199. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியானபோது பிழைகள் மலிந்து கிடந்ததில், சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு கேம். இன்று தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் கேமைத் தேற்றிய அந்தச் சமயத்திலேயே குறைந்தபட்சத் தேவையும் ஏறிப்போனது. வெளியான காலத்தில் ஜிடிஎக்ஸ் 780 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், சாதா ஹார்டு டிஸ்க் போதும் என்று போட்டிருந்தார்கள். இப்போது கேட்பது 6 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1060, 12 ஜிபி ரேம், வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம்.

நம் ஊர் காலேஜ் பையன்கள் கையில் இருப்பதில் பாதி 8 ஜிபி ரேமும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650-உம் உள்ள லேப்டாப்கள். யூடியூபில் தேடினால் அதே லேப்டாப்பில் சைபர்பங்க் ஓடும் வீடியோ கிடைக்கும். தேதியைப் பாருங்கள், 2021 என்று இருக்கும். அது ஓடியது உண்மைதான், ஆனால் ஓடியது பழைய கேம். அதை நம்பி 1,199 கட்டினால் அப்புறம் ரேம் போட வேண்டும். ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்தச் சமயத்தில் அந்தச் செலவு கேம் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பழைய கேம் என்றால் லேசாகத்தான் இருக்கும் என்பதும் நம்ப முடியாத கணக்கு. விட்சர் 3 வந்தது 2015 மே மாதம். 2022 டிசம்பரில் இலவசமாக வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, டைரக்ட்எக்ஸ் 12 என்ற புதிய கிராஃபிக்ஸ் முறையில் ஓடும் அதன் பதிப்பு சுமாரான லேப்டாப்பைத் திணறடிக்கும். இதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. கேமைத் திறக்கும்போது வரும் லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இழுத்தால், ஸ்டீம் லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற பகுதிக்குப் போய், கிளாசிக் என்று இருக்கும் பழைய 1.32 பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம். வாங்கி வைத்துவிட்டு ஓடவில்லையே என்று ஓரங்கட்டிய பலருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது டிஸ்க். 512 ஜிபி எஸ்எஸ்டி என்று வாங்கியது விண்டோஸில் 476 ஜிபி என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு. அதில் விண்டோஸ், காலேஜ் சாஃப்ட்வேர், போன் பேக்கப் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 16-க்கு 170. கேம் இறங்கிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அப்டேட் வரும்போது ஸ்டீம் பழைய ஃபைல்களின் பக்கத்திலேயே புதியவற்றைத் தயார் செய்துவிட்டுத்தான் மாற்றும். அதற்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். "டிஸ்க் ஸ்பேஸ் இல்லைன்னு வருது, வைரஸாண்ணா?" என்று என்னிடம் வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

டவுன்லோடுக்கும் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். 30 எம்பிபிஎஸ் பிராட்பேண்டில் 150 ஜிபி இறங்க, வேகம் குறையாமல் இருந்தாலே பதினொரு மணி நேரம் பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில், தினம் 1.5 ஜிபி திட்டத்தில் என்றால் நூறு நாள்.

சரி, எல்லாம் பொருந்துகிறது, வாங்கிவிட்டீர்கள். இனிதான் முக்கியமான கட்டம். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 14 நாள் ஓடத் தொடங்குவது பணம் கட்டிய நாளிலிருந்து, டவுன்லோடு முடிந்த நாளிலிருந்து அல்ல. செமஸ்டர் பரீட்சைக்கு நடுவே வாங்கிப் போட்டுவிட்டு லீவில் திறந்தால் அந்த வாசல் மூடியிருக்கும். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதிதான். ஜிஓஜி என்ற கடை இன்னும் தாராளம்: விளையாடிப் பார்த்த பிறகும் 30 நாள் வரை கேட்கலாம்.

ரேஸ் கேமுக்கோ சண்டை கேமுக்கோ இரண்டு மணி நேரம் யதேஷ்டம். ஆர்பிஜிக்கு அது காணவே காணாது. முகம் அமைப்பதிலேயே முக்கால் மணி நேரம் போக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் முன்கதை, பயிற்சிச் சண்டை, கேரக்டர்களின் நீண்ட பேச்சு. கேம் தன் கிராஃபிக்ஸைத் தயார் செய்துகொள்ளும் (ஷேடர் கம்பைல்) நேரம், பாஸ் செய்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம் எல்லாம் கேம் திறந்திருந்த கணக்கில்தான் சேரும். கதை பிடிக்கிறதா என்று தெரிவதற்குள் இரண்டு மணி தாண்டிவிடும்.

அதனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கதைக்குச் செலவழிக்காதீர்கள், மெஷினைச் சோதிக்கச் செலவழியுங்கள். கேரக்டர் எப்படியும் இருக்கட்டும், கேம் கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். செட்டிங்ஸ் லோ, மீடியம் இரண்டிலும் நடந்து பாருங்கள். குறைந்தது அரைமணி நேரம் விடாமல் ஓட விடுங்கள். முதல் கால் மணி நேரம் வழுக்கிக்கொண்டு ஓடி, அப்புறம் லேக் அடிக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் கேமின் குறை அல்ல. லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால் எந்த கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான் செய்யும். காற்று வரும் வழியில் அடைத்திருக்கும் தூசியை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் அதே கேம் ஒழுங்காக ஓடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேமைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

சைபர்பங்க்கில் செட்டிங்ஸ் மெனுவிலேயே வேகத்தைச் சோதிக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. கதையைத் தொடங்காமலே ஓட்டி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் (எஃப்பிஎஸ்) வருகிறது என்று பார்த்துவிடலாம். எல்லாக் கேமிலும் அந்த வசதி இல்லை. பால்டர்ஸ் கேட் 3-இல் சிக்கலே வேறு. முதல் பகுதி காடு, குகை, சின்னக் குடியிருப்பு என்று போகும். சுமாரான சிஸ்டத்திலும் ஓடும். மூன்றாம் பகுதியில் ஒரு நகரமே வருகிறது. தெருவெல்லாம் ஜனம், பிராசஸர் முக்கும். அங்கே போய்ச் சேரப் பல வாரம் ஆகும், ரீஃபண்டெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். விட்சர் 3-இலும் தொடக்கத்தில் வரும் வைட் ஆர்ச்சர்ட் சின்னக் கிராமம். கனமான இடம் நோவிகிராட் நகரம். ஆகவே யூடியூபில் உங்கள் சிஸ்டத்தின் பெயரோடு தேடும்போது கேமின் பெயரை மட்டும் போடாமல், இந்த நகரப் பகுதியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தொடக்கக் காட்சி ஓடுவதைப் பார்த்துப் புண்ணியமில்லை.

கதையும் ஆட்டமுறையும் பிடிக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மெட்டஃபர்: ரீஃபன்டாசியோ, ஃபைனல் ஃபேன்டசி 16 இரண்டுக்கும் ஸ்டீமில் இலவச டெமோ இருக்கிறது, அதில் விளையாடியது வரை முழு கேமுக்குக் கொண்டுபோகலாம். பால்டர்ஸ் கேட் 3-இல் சண்டை முறைவைத்து நடக்கும், நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை. விட்சரில் வாளைச் சுழற்றிப் பழகியவர்களில் சிலருக்கு இது ஒத்தே வராது. பால்டர்ஸ் கேட் 3-ஐ உருவாக்கிய லேரியன் நிறுவனத்தின் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 இன்னும் மலிவு, ஆட்டமுறையும் அதே வகை. முதலில் அதை வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை. டிஸ்கோ எலிசியம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அதில் இருக்கும் ஆங்கிலம் பத்து லட்சம் வார்த்தைக்கு மேல். கேம் என்பதைவிட வாசிப்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் சண்டை எங்கே என்று கேட்ட நண்பரும் இருக்கிறார்.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். ஸ்டீமில் மார்ச்சில் ஒன்று, ஜூன் கடைசியில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என ஆண்டுக்கு நான்கு பெரிய விற்பனை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. விட்சர் 3-இன் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே சுமார் ஐம்பது மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் பன்னிரண்டு, பதின்மூன்று வாரம். அதாவது இந்த விற்பனையில் வாங்கியதை முடிக்கும்போது அடுத்த விற்பனை வந்து நிற்கும். ஒரே சமயத்தில் இரண்டு பெரிய ஆர்பிஜி வாங்கினால் இரண்டாவதை யார் எப்போது விளையாடுவது? அப்போதும் அது இதே தள்ளுபடியில், இல்லை இன்னும் குறைவாகக் கிடைக்கும். இளம் வயதுக்காரர்களின் லைப்ரரியில் இன்ஸ்டால்கூடச் செய்யாத கேம்கள் கிடப்பதற்கு இந்தக் கணக்கைப் போடாததுதான் காரணம்.

"இன்றோடு ஆஃபர் முடிகிறது" என்பதற்கும் பதற வேண்டாம். ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடி, கரன்சியை இந்திய ரூபாய்க்கு மாற்றினால், வெளியான நாளிலிருந்து விலை எப்படி ஏறி இறங்கியது என்று படிக்கட்டுபோல ஒரு வரைபடம் வரும். இன்றைய விலை இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து முறை வந்திருந்தால் இனியும் வரும். விலையை ஏற்றிய 30 நாட்களுக்குள் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று ஸ்டீமிலேயே விதி இருப்பதால், நேற்று ஏற்றி இன்று குறைத்துக் காட்டும் வேலை அங்கே நடக்காது. ஆஃபருக்குச் சில நாள் முன்னால் முழு விலையில் வாங்கிவிட்டவர்கள், இரண்டு மணி நேரம் தாண்டாமல் இருந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஃபர் விலையில் மறுபடி வாங்கலாம். ஸ்டீமே அனுமதிக்கும் விஷயம் இது.

எடிஷன் விஷயத்தில் சுருக்கமாக: விட்சர் 3-ஐ எக்ஸ்பான்ஷன் (கூடுதல் கதை) இரண்டும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனாக வாங்குங்கள், அதில் ஒன்றான பிளட் அண்ட் வைன் இல்லாமல் அந்த கேம் முழுமை ஆகாது. சைபர்பங்க்குக்கு முதலில் வெறும் கேம் போதும். அதன் எக்ஸ்பான்ஷனான ஃபேன்டம் லிபர்ட்டி, கதையை வரிசையாக ஆடினால், கொஞ்ச தூரம் போன பிறகுதான் திறக்கும். அதுவரை தாக்குப் பிடித்தால் அடுத்த விற்பனையில் பார்த்துக்கொள்ளலாம். பல கேம்கள் சேர்ந்த பண்டிலாக வாங்கினால் ரீஃபண்டுக்கான இரண்டு மணி நேரம் உள்ளே இருக்கும் எல்லாக் கேமுக்கும் சேர்த்துத்தான்.

எழுத உட்கார்ந்ததே அடுத்து வரும் விஷயத்துக்காகத்தான். 2,999 ரூபாய் கேமை 149-க்கோ 199-க்கோ தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் ஆட்கள் விற்கிறார்கள். பெயர் "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்". ஜிபேயில் பணம் அனுப்பியதும் ஒரு ஸ்டீம் ஐடி, பாஸ்வேர்டு வரும். உள்ளே நுழைந்து, கேமை இறக்கி, ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிவிட்டு விளையாடச் சொல்வார்கள். ஒரே ஐடியைப் பல பேருக்கு விற்றிருப்பார்கள். இது தள்ளுபடி இல்லை, உங்கள் பெயரில் அங்கே எதுவுமே இல்லை. அக்கவுண்டை விற்பதும் பகிர்வதும் ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு விரோதம். என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கலாம். விண்டோஸ் ஃபார்மட் செய்தால் போச்சு. மறுபடி லாகின் கேட்டு மெசேஜ் போட்டால் அந்தப் பேஜே இருக்காது.

சிலர் ஐடியோடு ஒரு சின்ன ஃபைலையும் அனுப்பி, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இதை ரன் பண்ணுங்க ப்ரோ" என்பார்கள். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் சாமான்கள் வந்து சேருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கிராக் செய்த கேம்களோடு வரும் ரேன்சம்வேரும் தெரிந்த கதை. புராஜெக்ட், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு டாலரில் பணம் கேட்கும். அப்படி வந்த டிஸ்க்குகளில் பேக்கப் இல்லையென்றால் என்னால் பெரிதாக எதுவும் மீட்டுக் கொடுக்க முடிவதில்லை.

அந்த மாதிரி ஃபைலை ஏற்கெனவே ஓட்டியிருந்தால், முதலில் அந்த லேப்டாப்பில் நெட்டைத் துண்டியுங்கள். போனிலிருந்து, லேப்டாப்பிலிருந்து அல்ல, ஜிமெயில், ஸ்டீம், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, மற்ற இடங்களில் திறந்திருக்கும் லாகின்கள் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். லாகினுக்கு இரண்டாவது பூட்டான ஸ்டீம் கார்டை (Steam Guard) மொபைல் ஆப்பில் ஆன் செய்யுங்கள். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி. பேங்க் அக்கவுண்டிலிருந்து பணம் போயிருந்தால் என் கடைக்கு வருவதற்கு முன்பே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.