பேண்தகு: மூன்று சுழி போட்டு எழுதவும்

'சஸ்டெய்னபிள் ஒர்க்பிளேஸ் டெக்னாலஜி' என்ற தலைப்போடு வந்த அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதித் தரும்படி, இலந்தைக்குளம் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். பணியிடம், தொழில்நுட்பம் இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. முதல் சொல்தான் இழுத்தடித்தது.

லத்தீனில் 'சுஸ்தினேரே' என்றால் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. மதுரையில் எதை வாங்கினாலும் நாம் கேட்கும் "தாங்குமா?" இருக்கிறதே, அதேதான். கருத்தாக இது உருவானது ஒரு காட்டில். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், சுரங்கத்துக்கும் உலைக்கும் வெட்டி வெட்டி மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், வளர்கிற அளவு பார்த்து வெட்டுங்கள் என்று 1713-இல் எழுதினார். 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை அதை உலகம் முழுக்கப் பரப்பியது.

'சஸ்டெய்னபிள் டெவலப்மெண்ட்' என்பதைத் தமிழில் 'நிலையான வளர்ச்சி' என்கிறார்கள். எனக்கு அது வளர்ச்சி நின்றுபோனது போலவே கேட்கும். 'நீடித்த' இறந்தகாலப் பெயரெச்சம். இனி நீடிக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இலங்கையில் 'நிலைபேறான' புழங்குகிறது. 'வளங்குன்றா' அழகான சொல், ஆற்றுக்கும் காட்டுக்கும் பொருந்தும். மேசை மேல் இருக்கும் கணினிக்கு ஒட்டவில்லை.

மிஞ்சியது 'பேண்தகு': பேணத் தக்கது. பேணுதல் என்றால் காப்பது, மதிப்பது, விரும்புவது எல்லாம்தான். இதன் அருமை மதுரை சிம்மக்கல்லில், ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில்தான் எனக்குப் புரிந்தது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும், மின்னணு போர்டு வைத்து ஓடும் புது பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் சுமார். இருபது ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 7 யூனிட் மிச்சம். ஆனால் கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, பழசுன்னா காயில் கட்டிக் குடுத்துருவேன். இதுல போர்டு போச்சுன்னா போர்டத் தேடித்தான் அலையணும்." மின்சாரம் மிச்சமானாலும் பழுது பார்க்க வழியில்லாவிட்டால் அது பாதிப் பேண்தகுதான்.

சுற்றறிக்கையின் அடுத்த வரி 'எம்ப்ளாயி ஹேப்பினஸ்'. ஊழியர் மகிழ்ச்சி என்று எழுதக் கை வரவில்லை. சங்க இலக்கியத்தில் 'மகிழ்' கள்ளுக்கும் கள்ளுண்ட களிப்புக்கும் பெயர்! மனநிறைவு என்று போட்டேன். அந்த நிறைவுக்குச் சோதனை ஏசிதான். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள், போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்கும்; பிறகு கூட்டலாம், குறைக்கலாம். கத்திரி வெயிலில் அது போதும்தான். ஆனால் ஏசிக்கு நேர் கீழே இருப்பவர் சால்வை போர்த்தியிருப்பார், மேற்கு ஜன்னலோரம் இருப்பவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருப்பார். ரிமோட்டோ மேலாளர் இழுப்பறையில். அவரவர் தலைக்கு மேல் அவரவர் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு ஃபேன் இருந்தால், ஏசியை 26-இல் வைத்தாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். மின்கணக்கும் மனநிறைவும் சேருமிடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

'பேண்தகு பணியிடத் தொழில்நுட்பம்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தலைப்போடு பலகை அச்சாகி வந்தது: 'பேன்தகு'. ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு போகிறார்களாம்.