நண்பனுக்காக மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்ல நினைப்பது

மே மாதம் பிறந்துவிட்டால் திங்கட்கிழமைகளில் என் சிகிச்சை அறைக்கு ஒரே மாதிரி முழங்கால்கள் வரத் தொடங்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்கள். "சனிக்கிழமை மூன்று மலையும் நடந்தோம்" என்பார்கள். யாருக்காக என்று கேட்பேன். அம்மாவுக்காக, கூட வேலை பார்த்தவருக்காக, பள்ளித் தோழிக்காக.

நான் இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒருவர் இறந்துபோனால் நண்பர்கள் சேர்ந்து அவர் நினைவாக மலை ஏறுவதும், அதற்காகத் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டி, அவரைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்குக் கொடுப்பதும் வழக்கம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர்போனவை மூன்று சிகரங்கள்: பென்-இ-கென்ட் 694 மீட்டர், வெர்ன்சைட் 736, இங்கிள்பரோ 723. தொட்டபெட்டாவைப் பார்த்த நமக்கு இவை குன்றுகளாகத்தான் தெரியும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றையும் ஒரே நாளில், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. மொத்த நடை ஏறக்குறைய 39 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் 1,500 மீட்டருக்கு மேல். ஏறிய அத்தனையையும் இறங்கியாக வேண்டும்.

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகிவிடுகிறது. இறங்கும்போது மூச்சு வாங்காததால் சுலபமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே உடம்பின் முழு எடைக்கும் பிரேக் போடுகிறது. சுருங்கி வேலை செய்யும் தசையைவிட, நீண்டபடி வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். அதன் வலி இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். அதற்கு முன்னாலேயே, எட்டு மணி நேரம் நடந்து களைத்த தொடையில் பிரேக் பிடிக்காமல் போகும். கணுக்கால் மடங்குவதும் முழங்கால் திருகுவதும் அப்போதுதான். இங்கிள்பரோவிலிருந்து இறங்கும் கடைசிப் பாதை நீளமானது. மழை பெய்தால் அங்கே சுண்ணாம்புக்கல் சோப்புப் போட்டதுபோல வழுக்கும்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. தசைக்கு ஒருமுறை இறக்கத்தைப் பழக்கிவிட்டால், அது சில வாரங்களுக்கு அதை மறப்பதில்லை. அடுத்த முறை சேதம் குறைகிறது. சாதாரண ட்ரெட்மில்லில் எத்தனை மணி நேரம் நடந்தாலும் இது கிடைக்காது, அதில் இறக்கம் இல்லையே. பல மாடிக் கட்டடம் பக்கத்தில் இருந்தால் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். இல்லையா, வீட்டில் ஒரு படி போதும். ஒற்றைக் காலில் படியின் மேல் நின்று, மூன்று எண்ணும்வரை மெதுவாக முழங்காலை மடக்கி, மற்ற குதிகாலால் தரையைத் தொட்டு எழ வேண்டும். காலுக்குப் பத்து, வாரம் மூன்று நாள், ஆறு வாரம். இரண்டு கைத்தடிகளும் இருந்தால் முழங்கால் சுமை இன்னும் குறையும்.

இவ்வளவும் தெரிந்த நானே திணறிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருந்த நண்பர், திருச்சிக்காரர். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து நான்கு மாதம்கூட இருக்கவில்லை. அடுத்த ஜூனில் பதினோரு பேர் கிளம்பினோம். அவருடைய படம் அச்சடித்த பருத்தி டி-ஷர்ட் எல்லோருக்கும் வந்தது. நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். 700 மீட்டர் உயரத்தில், அடிவாரத்தைவிட மூன்று நாலு டிகிரி குறைவு. அதற்கு மேல் காற்று. ஆனால் அவர் முகம் இருக்கும் சட்டையை யாரிடம் கழற்றச் சொல்வது? உள்ளே சீக்கிரம் காயும் துணி, பையில் மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை என்று சமாளித்தோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் இருவரை மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் அனுப்பினேன். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். நம் ஆட்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் இதை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போதுதான் அவர் தம்பியின் காலைப் பார்த்தேன். புது லேஸ் கட்டிய பழைய ஷூ.

"எங்க அண்ணனோடதுக்கா. இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன்."

அரை சைஸ் பெரியது என்று பார்த்ததுமே தெரிந்தது. வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தடித்த சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னதோடு விட்டுவிட்டேன்.

பென்-இ-கென்ட் இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் வழுக்கி விரல்கள் ஷூவின் முனையில் மோதின. அவன் வாயே திறக்கவில்லை. துக்கம் இருக்கும்போது வலியைச் சொல்வதே துரோகம்போல ஆகிவிடுகிறது. இதைப் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். ரிபிள்ஹெட்டில், அந்த 24 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்துக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவனைச் சாக்ஸைக் கழற்ற வைத்தேன். இரண்டு பெருவிரல் நகங்களும் கருநீலம். குதிகாலில் கொப்புளம் உடைந்து, தோல் ஈர அப்பளம்போலச் சுருண்டிருந்தது.

நல்லவேளை, ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். ரிபிள்ஹெட்டில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே பேசி வைத்திருந்தோம். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது; அடுத்த நிலையமே நாங்கள் கிளம்பிய ஹார்ட்டன். வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தையும் எழுதி வைத்திருந்தோம். நினைவு நடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். மலையில் வைத்து முடிவெடுக்க விட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். பாதியில் நின்றதற்காகக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மேலே யாராவது விழுந்துவிட்டால் 999-ஐ அழைத்து, போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள்.

அவன் வெகுநேரம் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "பணம் கொடுத்தவங்க கிட்ட என்னக்கா சொல்றது?" என்றான். பிறகு, "அண்ணன் கிட்ட?"

நான் பதில் சொல்லவில்லை. ஷூவை வாங்கி, இரண்டு லேஸையும் முடிச்சுப் போட்டு என் பையில் தொங்கவிட்டேன். ஒருவர் துணைக்கு நிற்க, அவன் ரப்பர் செருப்போடு ரயிலுக்குப் போனான். ஷூ வெர்ன்சைட் ஏறியது, இங்கிள்பரோவின் கல்படிகளில் என் முதுகில் இடித்துக்கொண்டே ஏறியது.

சாயங்காலம் ஹார்ட்டன் பாலத்தருகே நின்றிருந்தான். மழையில் வழியெல்லாம் சேறு தெறித்திருந்தது. துடைத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாங்கா, அப்படியே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டான்.