ஊசி போட்ட அப்பாவை ஒதுக்கி வைக்காதீர்கள்

போன வாரம் புற்றுநோய்க்கான கதிரியக்க மருந்தின் மூன்றாவது ஊசிக்கு வந்த பெரியவர், மஞ்சப்பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றரை மாதமாக அந்த டம்ளர், ஒரு தட்டு, ஒரு பாய். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் இருப்பு. அவரிடமிருந்து கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டாருக்குப் பயம். "ஊசி வேண்டாம்னு சொல்லிட்டா பேரன் கிட்ட வருவானா டாக்டர்?" என்று கேட்டார். பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவு, நன்றாக இறங்கிவரும் மனிதர்! இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள்.

அவருக்குப் போடுவது லுட்டீசியம்-177 பி.எஸ்.எம்.ஏ., முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்து. பி.எஸ்.எம்.ஏ. என்பது அந்தப் புற்றுச் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம்; மருந்து அதைத் தேடிப் போய் ஒட்டும். பெட் ஸ்கேனில் கட்டிகளில் அந்தப் புரதம் தெரிந்தால்தான் ஊசி. இந்த ஊசியைச் சோதித்து 2021-ல் வெளியான விஷன் என்ற ஆய்வில் 831 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.3 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள். ஊசியும் சேர்ந்தவர்களில் அது 15.3 மாதம்.  

சரி, கதிர்வீச்சு ஒட்டுமா? ஒட்டாது. விளக்கின் பக்கத்தில் நின்றால் வெளிச்சம் மேலே விழும். நீங்கள் விளக்காகிவிட மாட்டீர்கள். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்குதான் விழும். லுட்டீசியம் 6.6 நாளுக்கொரு முறை தானாகவே பாதியாகிறது. சிறுநீரில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஆறு வாரத்தில் எண்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். உண்மையில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடுகிறது. அப்புறம் எதற்கு ஒன்றரை மாதம் கொட்டகை?

கவனிக்க வேண்டியது கழிவறையைத்தான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், தரையில் சிந்தக் கூடாது. இரண்டு முறை ஃப்ளஷ், சோப்புப் போட்டுக் கைகழுவல். தனிப் படுக்கை சில நாள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதித்தானே தருகிறோம்? தயவுசெய்து அதைப் படியுங்கள், வாட்ஸ்அப்பை அல்ல. விமானப் பயணம் இருந்தால் எங்கள் கடிதம் கையில் இருக்கட்டும், விமான நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவி ஒலிக்கலாம்.

அந்த நாட்கள் முடிந்ததும் அப்பாவை உள்ளே கூப்பிடுங்கள். பேரன் மடியில் உட்காரட்டும். பயமாக இருந்தால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். அவரிடம் தனி டம்ளரைக் கொடுப்பதற்கு முன்னால்.