தெக்கோங் போகும் பிள்ளையும் வியர்வையின் உப்புக் கணக்கும்

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். "என் மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்காகத் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போகிறான். முதல் இரண்டு வாரம் வெயிலுக்குப் பழக்குவார்களாம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு என்ன சார் பழக்கம் வேண்டியிருக்கிறது?"

வேண்டியிருக்கிறது அம்மா. வீட்டில் ஏர்கான், எம்ஆர்டி ரயிலில் ஏர்கான், வகுப்பில் ஏர்கான், டியூஷனில் இன்னும் கொஞ்சம் அதிக ஏர்கான். ஊர் 32 டிகிரியில் கொதித்தாலும் உங்கள் மகனின் உடம்பு குடியிருப்பது 24 டிகிரியில்தான். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவை தொடங்கிய 1967இல் போன பையன்கள் கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளிலிருந்து போனார்கள். இன்றைய பையன் குளிர்பெட்டிக்குள்ளிருந்து போகிறான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூட்டையோடு விறுவிறுவென்று நடக்கும் சிப்பாயின் உடம்பு சுமார் 400 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. 70 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 245 கிலோஜூல் போதும். வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். அரை மணியில் 37 என்பது 40 ஆகிவிடும், ஆபத்தும் வந்துவிடும். அதைத் தடுப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. மணிக்கு 600 கிராம் ஆவியானால் 400 வாட்டுக்குக் கணக்குச் சரி.

ஆவியானால்! நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. மூக்கு நுனியில் சொட்டி விழும் வியர்வை கிட்டத்தட்ட எந்த வெப்பத்தையும் எடுத்துப் போவதில்லை, வெறும் நஷ்டம். அதனால்தான் ராணுவம் சாதாரண வெப்பமானியை நம்பாமல் டபிள்யூபிஜிடி (ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை) அளவைப் பார்க்கிறது. 1950களில் அமெரிக்க மரீன் பயிற்சி முகாம்களில் ஆட்கள் வெயிலில் விழுந்துகொண்டே இருந்ததால் பிறந்த அளவு இது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கரும்பந்துக்கு 20, வெறும் காற்றுக்கு வெறும் 10. ஈரத்துக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். 2023 முதல் பொதுமக்களுக்கும் இதே அளவில்தான் வெப்ப எச்சரிக்கை தருகிறார்கள்: 31க்குக் கீழே குறைவு, 33ஐத் தொட்டால் அதிகம்.

சரி, பழக்கம் என்கிறோமே, உடம்புக்குள் எது பழகுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தோலுக்குள் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய குழாய். அடியில் நூல்கண்டு மாதிரிச் சுருண்டிருக்கும், அங்கிருந்து நேராக மேலே வந்து தோலில் திறக்கும். சுருண்ட பகுதியில்தான் வியர்வை ஊறுகிறது. அங்கே ஊறும்போது அதில் ரத்த நீரில் இருக்கிற அளவுக்கு உப்பு இருக்கும். அப்படியே வெளியே விட்டால் உடம்பு திவாலாகிவிடும். அதனால் மேலே ஏறும் வழியில் குழாயின் சுவர் உப்பைத் திரும்பப் பிடித்து ரத்தத்துக்கு அனுப்புகிறது, தண்ணீரை மட்டும் போகவிடுகிறது. தேக்கா ஈரச்சந்தையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்காமல் நகராத பாட்டி மாதிரி.

ஆனால் வியர்வை வேகமாக ஓடினால் சுவருக்கு நேரம் போதாது. பழகாத உடம்பில் நடப்பது இதுதான்: வியர்க்கத் தாமதமாகும், பிறகு உப்போடு சேர்ந்து கொட்டும். தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வேலை செய்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. அது வந்தால் சுவரில் சோடியம் பிடிக்கும் வாசல்கள் கூடுகின்றன. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அளவும் கூடுகிறது, உப்பு மட்டும் குறைகிறது. தங்கிய உப்பு தண்ணீரையும் பிடித்து வைப்பதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்பத் திணறிய இதயம், அதே வேலைக்குக் குறைவாகத் துடிக்கிறது. இந்த மாற்றம் நாலைந்து நாளிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

இதை நான் ஆய்வகத்தில் பார்க்கவில்லை, அடுக்குமாடி புளோக் வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியில் பார்த்தேன். முதல் வாரம் விடுப்பில் வந்தபோது என் நம்பர் ஃபோர் என்ற பயிற்சிச் சீருடையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு வரைபடம். "மாவு ஏதும் கொட்டிட்டியாடா?" என்றார் அம்மா. நான்கு வாரம் கழித்து அதே சட்டை முன்னைவிட அதிகமாக நனைந்தது, ஆனால் வரைபடம் மங்கிவிட்டது. நடைப்பயணம் 4, 8, 12, 16 என்று ஏறி 24 கிலோமீட்டரில் முடிவதற்குக் காலும் முதுகும் காரணம்தான். என்னைக் கேட்டால், இந்தக் குழாய்ச் சுவருக்கும் அதில் பங்குண்டு.

அப்புறம் உபகரணம். என் காலத்தில் சிப்பாய் உடம்பில் மாட்டிய எஸ்பிஓ என்ற சுமைப் பட்டை என்பது இடுப்பு பெல்ட், தோள் பட்டை, பைகள், அவ்வளவுதான். இப்போது சீருடைக்கு மேலே மாட்டும் கையில்லாச் சுமைச் சட்டையில் பைகளை வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உலகெங்கும் பல படைகளில் இதற்கு ஒரே வகைப் பின்னல்: ஓர் அங்குல நாடா, ஓர் அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். அந்த அளவு ஒத்துப்போனால் எந்தப் பையும் எதிலும் மாட்டும். இடக்கைக்காரர் தன் தோட்டாப் பையை வலப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். வியர்வைக் கண்ணோடு பார்த்தால் இதன் பெரிய லாபம் வேறு. உடம்பில் அதிகமாக வியர்க்கும் இடங்களில் முதுகும் ஒன்று, நாம் அங்கேயே கவசத் தகட்டையும் மூட்டையையும் வைத்து மூடுகிறோம். இன்றைய வேலைக்குத் தேவையில்லாத பாகத்தைக் கழற்றி வைக்க முடிந்தால் அந்த அளவு தோல் காற்று வாங்கும். கழற்ற முடிவதுதான் கவசத்தின் குளிர்சாதனம்.

மனப்பயிற்சிக்கு வருவோம். வெயில் அதிகம் சாய்ப்பது சோம்பேறியை அல்ல, விட்டுக்கொடுக்காதவனைத்தான். களைப்பு என்பது மூளை போடும் பிரேக், பிடிவாதக்காரன் அதை மீறி மிதிக்கிறான். நானும் அந்த ரகம். வருடங்கள் கழித்து, சேவை முடித்தவர்களை மறுபடி அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போனேன், நேராகக் குளுகுளு கணினி சர்வர் அறையிலிருந்து. பழைய சிப்பாய்தானே என்ற திமிர். இரண்டாம் நாள், உச்சி வெயிலில் கையெல்லாம் சிலிர்த்தது. ஒன்றுமில்லை என்று சொல்லி நடந்தேன். "டேய், ஒன் தங்கச்சி பேரு என்ன?" என்றான் பக்கத்தில் வந்த கூட்டாளி. எனக்குச் சட்டென்று வரவில்லை. அவன் உடனே உதவி கேட்டுக் கையைத் தூக்கிவிட்டான். வெயிலில் சிலிர்ப்பும் குழப்பமும் வந்தால் உடம்பு கைவிடுகிறது என்று பொருள். அதை ஒப்புக்கொள்ளவும் அடுத்தவனிடம் கவனிக்கவும் பழகுவதையே நான் மன உறுதி என்பேன். வெயிலுக்குப் பழகிய உடம்பு சில வாரத்தில் மறந்துவிடும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

நம் வீடுகளில் இன்னும் ஒரு பேச்சு ஓடுகிறது: "சூட்டோட பச்சத் தண்ணி ஊத்தாதே, ஜன்னி வந்துரும்." தயவுசெய்து இதை விடுங்கள். வெப்பத்தாக்கில் விழுந்தவரைக் காப்பாற்றும் சிறந்த வழியே குளிர்ந்த நீரில் மூழ்கவைப்பதுதான். அரை மணிக்குள் உடல்சூட்டை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். பாட்டி சொன்னார் என்று வெந்நீர் தேடிக்கொண்டிருந்தால் அந்த அரை மணி போய்விடும்.

பாட்டிக்குத் தெரியாத இன்னொன்று: ஐஸ் கச்சாங் இனிப்பின் பனித்தூளைப்போல் அரைத்த பனிக்கூழை நடைக்கு முன்னே குடிப்பது. அரை கிலோ கூழில் பாதி பனியாக இருந்தால், உருகுவதற்கும் 37 டிகிரிக்கு ஏறுவதற்குமாகச் சுமார் 160 கிலோஜூலை உடம்பிடமிருந்து பிடுங்கும். மேலே போட்ட கணக்கில் அது கிட்டத்தட்ட ஆறரை நிமிட நடையின் வெப்பம். ராணுவத்துக்குப் புது டிரோன் வந்தால் செய்தித்தாளில் முதல் பக்கம், பனிக்கூழ் ஆய்வு என்றால் சிரிப்பு. செலவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வேறு பக்கம் வருகிறது.

பொங்கோல் அம்மாவுக்கு: ஒரு மாதம் தாராளம். ஆனால் கடைசி இரண்டு வாரத்தைப் பிடியுங்கள், முதல் இரண்டை அல்ல. மாலை நான்கு மணிக்கு பூங்கா இணைப்புப் பாதையில் வேக நடை, முதலில் அரை மணி, பிறகு மெதுவாக ஒன்றேகால் மணி வரை. துணைக்கு ஒருவர், கையில் தண்ணீர். காய்ச்சல் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

இதை அவருக்குத் தனியாகவும் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "அப்ப ரூம்ல ஏர்கானை நிறுத்திடவா சார்?"

வேண்டாம் அம்மா, தூங்கும்போது போடுங்கள். தூக்கம் கெட்ட உடம்பு வெயிலில் சீக்கிரம் விழும்.